எம்.ஜி.பி.யில் மாஸ்டா எஞ்சின்: அறிகுறியைக் கொண்டு பிழை காணும் வழிமுறை

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவான எம்.ஜி.பி. காரில் இருந்தது 1798 சி.சி. கொள்ளளவுள்ள பி-சீரிஸ் எஞ்சின். அதைக் கழற்றிவிட்டு, 1989இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் 1597 சி.சி. எஞ்சினையும் அதனுடன் வரும் ஐந்து கியர் பெட்டியையும் பொருத்துவோர் உண்டு. இரண்டு வண்டிகளிலும் எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களையே ஓட்டுகிறது என்பதால், இந்த மாற்றம் காகிதத்தில் எளிதாகத் தெரியும். எஞ்சினை இறக்கி, போல்ட்டுகளை முடுக்கி, சாவியைத் திருப்பிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. இந்த வழிமுறை அந்தக் கட்டத்தில் நிற்பவர்களுக்கானது.

எஞ்சின் தன் சொந்த வண்டியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பழைய வண்டியும் தன் சொந்த எஞ்சினோடு பல்லாண்டுகள் ஓடியது. ஆகவே மாற்றத்துக்குப் பின் தோன்றும் கோளாறு பெரும்பாலும் எஞ்சினுக்குள்ளும் இருப்பதில்லை, வண்டிக்குள்ளும் இருப்பதில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில், அதாவது நாம் நம் கையால் செய்து சேர்த்த ஒயரிலோ, குழாயிலோ, பிராக்கெட்டிலோதான் இருக்கிறது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் எண்ணம் வரும்போதெல்லாம் இதை நினைவில் கொள்வது நல்லது. ஒரு மல்டிமீட்டர், டைமிங் லைட், எரிபொருள் அழுத்தம் காட்டும் மீட்டர், அகச்சிவப்பு வெப்பமானி, காந்தம் பதித்த கோணமானி ஆகியவை கைவசம் இருந்தால் போதும்.

ஸ்டார்ட்டர் சுழலவில்லை, அல்லது சோம்பலாகச் சுழல்கிறது

முதலில் வண்டியின் வயதைப் பாருங்கள். 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. மாஸ்டாவின் ஈ.சி.யூ. என்னும் கட்டுப்பாட்டுக் கணினியும் ஆல்டர்னேட்டரும் நெகட்டிவ் எர்த்தில் மட்டுமே வேலை செய்பவை. துருவத்தை மாற்றாமல் பேட்டரியை இணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அந்த நொடியிலேயே போய்விடும் என்பதால், இந்த ஒன்றை மட்டும் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவைக்கக் கூடாது. அடுத்து, 1974 வரை வந்த வண்டிகளில் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருந்தன. அவற்றை நீக்கி ஒரே 12 வோல்ட் பேட்டரி வைப்பதே நலம். பழைய ஏற்பாட்டில் இரண்டையும் இணைக்கும் கேபிளும் அதன் முனைகளுமாகச் சேர்ந்து கோளாறுக்கான இடங்களைக் கூட்டிவிடுகின்றன.

இவை சரியாக இருந்தும் ஸ்டார்ட்டர் முனகினால் எர்த்தைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதை வண்டியின் உடலோடு மின்வழியாக இணைப்பது ஒரு பின்னல் பட்டை மட்டுமே. பழைய எஞ்சினைக் கழற்றியபோது அந்தப் பட்டையும் சேர்ந்து வெளியே போயிருக்கும். புதியதைப் போட யாருக்கும் நினைவு வருவதில்லை. என் வண்டியில் முதன்முறை சாவியைத் திருப்பியபோது ஆக்சிலரேட்டர் கேபிளின் உறையிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. ஸ்டார்ட்டருக்குத் தேவையான முழு மின்னோட்டமும் வேறு வழியின்றி அந்தக் கம்பி வழியே திரும்பிக்கொண்டிருந்தது. கேபிளைத் தொட்டுப் பார்த்த விரலில் இரண்டு நாள் கொப்புளம் இருந்தது.

சோதனை எளிது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, உதவியாளரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை போதாது. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, கியர்பாக்ஸ் உறையிலிருந்து உடலுக்குத் தடித்த பட்டை ஒன்றைப் போடுங்கள்; ஈ.சி.யூ.வின் எர்த் ஒயர்களை உடலில் முடிக்காமல் எஞ்சினிலேயே முடியுங்கள்.

நன்றாகச் சுழல்கிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை

மின்பொறியா, பெட்ரோலா என்ற கேள்விக்கு முன், ஈ.சி.யூ.வுக்கு மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். எம்.ஜி.பி.யின் ஒயர் நிறங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை சாவியைத் திருப்பினால் வருவது, பச்சை, அதே மின்சாரம் ஃபியூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த். புதிய எஞ்சினுக்கு இக்னிஷன் மின்சாரம் வேண்டும் என்றவுடன், பழைய காயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒயரையே எடுத்து இணைப்பது பலரின் வழக்கம். கறுப்பு ரப்பர் பம்பர் கொண்ட, 1975க்குப் பிந்தைய வண்டிகளில் இது பெரும் பொறி. அவற்றில் காயிலுக்குப் போகும் ஒயரே மின்தடை உள்ளது; 6 வோல்ட் காயிலுக்காக வைக்கப்பட்டது. சுமையில்லாமல் மல்டிமீட்டரால் அளந்தால் அது 12 வோல்ட் என்றே காட்டும், சுமை ஏறியவுடன் பாதியாகச் சரியும். அதனால் ஹெட்லைட் பல்பு ஒன்றைச் சுமையாக இணைத்துவிட்டு அளவிட வேண்டும். அந்த ஒயரை ஒதுக்கிவிட்டு, வெள்ளை ஒயரால் ஒரு ரிலேயை மட்டும் இயக்கி, ஈ.சி.யூ.வுக்கான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தனியே கொண்டுவருவதே முறையான ஏற்பாடு.

இன்னொரு நுட்பமான அறிகுறியும் உண்டு. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் வரை எஞ்சின் பிடிக்காது; கையை விட்ட அந்தக் கணத்தில் ஒரு முறை உதறிப் பிடிக்கப் பார்க்கும். ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்சாரம் துண்டிக்கப்படும் ஒரு கிளையிலிருந்து ஈ.சி.யூ.வுக்கு ஒயர் எடுத்திருக்கிறீர்கள் என்பது இதன் பொருள்.

மின்சாரம் சரி என்றால் பெட்ரோலுக்கு வாருங்கள். இங்கே ஒரு வீண் அலைச்சலைத் தவிர்க்கலாம். சாவியைப் போட்டதும் பம்பின் ரீங்காரம் கேட்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், எம்.ஜி.பி.யின் பழைய எஸ்.யூ. பெட்ரோல் பம்ப் 'டிக் டிக்' என்று அடித்துப் பழக்கியிருக்கிறது. ஆனால் இந்த 1.6 மாஸ்டாவில் ஸ்டார்ட்டர் சுழலும்போதோ, காற்று அளக்கும் பெட்டியின் உள்மடல் திறக்கும்போதோதான் பம்ப் ஓடும். சாவியை மட்டும் போட்டால் அமைதியாக இருப்பதே அதன் இயல்பு. பம்ப்பைத் தனியே ஓட்டிப் பார்க்க, கோளாறுகளைச் சோதிப்பதற்கான டயக்னாஸ்டிக் இணைப்பான நோய்காணும் பெட்டியில் 'எஃப்/பி', 'ஜி.என்.டி.' என்று எழுதிய இரு துளைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துச் சாவியைப் போடுங்கள். ரீங்காரம் கேட்டால் பம்ப், ரிலே, ஒயர் மூன்றும் நலம்.

பழைய எஸ்.யூ. பம்ப்பையே நம்பியிருந்தால் எஞ்சின் ஒருபோதும் பிடிக்காது. அது தருவது சுமார் 3 பி.எஸ்.ஐ. அழுத்தம், ஊசித்துளை வழியே பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குச் சுமார் 40 பி.எஸ்.ஐ. வேண்டும். அதே காரணத்தால் கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸ்களும் கவ்விகளும் இங்கே உதவா. இன்ஜெக்ஷனுக்கென்றே முத்திரையிட்ட ஹோஸை மட்டும் போடுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பது தீயோடு விளையாடுவதாகும்.

பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைந்துவிடுகிறது

மேலே சொன்ன மடல்தான் காரணம். ஸ்டார்ட்டர் சுழலும் வரை பம்ப்புக்கு மின்சாரம் வேறு வழியாக வருகிறது. சாவியை விட்டபின் மடலின் சுவிட்ச்தான் அதைத் தொடர வேண்டும். எஞ்சின் உறிஞ்சும் காற்று மடலைத் தாண்டாமல் வேறு ஓட்டை வழியாக உள்ளே போனால், மடல் அசையாது, பம்ப் நின்றுவிடும். எம்.ஜி.பி.யின் பானட்டுக்குள் இடம் பார்த்து அந்தப் பெட்டியை எங்கோ ஒரு மூலையில் வைத்து, அங்கிருந்து இரண்டு மூன்று துண்டு ரப்பர் குழாய்களை ஒட்டுப்போட்டுக் கொண்டுவந்திருப்போம். அந்த ஒட்டுகளில் ஒன்று பிளந்திருக்கும். ஆயில் ஊற்றும் மூடி சரியாக உட்காராமலிருப்பதும், ஆயில் அளவுகோல் முழுதாக இறங்காமலிருப்பதும் இதே விளைவைத் தரும். மேலே சொன்னபடி இரு துளைகளையும் இணைத்தபின் எஞ்சின் அணையாமல் ஓடினால் சந்தேகமே வேண்டாம். காற்றுக் குழாயில்தான் தேட வேண்டும். அந்தத் துண்டு ஒயரை அப்படியே நிரந்தரமாக விட்டு வண்டியை ஓட்டுவோர் சிலர் உண்டு. விபத்தில் எஞ்சின் நின்றாலும் பம்ப் நிற்காமல் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐட்லிங் ஏறி இறங்குகிறது, அல்லது இறங்க மறுக்கிறது

ஏறி இறங்கினால் மீண்டும் காற்றுக் கசிவுதான். சூடான பின்னும் 1500 சுற்றுக்குக் கீழே இறங்க மறுத்தால், த்ராட்டிலுக்கு அடியிலுள்ள ஐட்லிங் வால்வைப் பாருங்கள். அதன் உள்ளேயுள்ள மெழுகுக் குப்பி, எஞ்சினின் வெந்நீர் பட்டு விரிந்துதான் கூடுதல் காற்றை அடைக்கிறது. விரல் பருமன்கூட இல்லாத இரண்டு தண்ணீர்க் குழாய்கள் அதற்கு வருகின்றன. எதற்கென்று புரியாமல் அவற்றை அடைத்துவிட்டால், எஞ்சின் எவ்வளவு சூடானாலும் வால்வு இன்னும் குளிர்காலை என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

இவை முடிந்தபின், மின்பொறி எழும் நேரமான டைமிங்கைச் சரிபாருங்கள். நோய்காணும் பெட்டியில் 'டி.ஈ.என்.', 'ஜி.என்.டி.' துளைகளை இணைத்து, 850 சுற்றில், டைமிங் லைட்டில், பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு 10 டிகிரி முன்னதாகத் தெரிய வேண்டும். இணைக்காமல் அளந்தால் ஈ.சி.யூ. தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த அளவுக்குப் பொருளில்லை. டைமிங் குறி ஓரிடத்தில் நிற்காமல் நாளுக்கு நாள் நகர்ந்தாலோ, கிராங்க் முனையிலுள்ள பெல்ட் உருளை தள்ளாடினாலோ, இது நீங்கள் செய்த இணைப்பின் கோளாறு அல்ல. 1991 வரையிலான எஞ்சின்கள் சிலவற்றில் கிராங்கின் மூக்கு குட்டையாக இருந்ததால் அதன் சாவிப்பள்ளம் தேய்ந்துபோவது அறியப்பட்ட குறை. உருளையின் முன்முகத்தில் நான்கு பிளவுகள் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பின்னால் வந்த திருத்தம். பழைய எஞ்சின் வாங்கும்போதே எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு இது.

வளைவில் திரும்பும்போது எஞ்சின் திணறுகிறது

நேர்ச்சாலையில் குறையொன்றும் இருக்காது. வட்டச் சந்திப்பில் நுழைந்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் இரண்டு முறை விக்கி, வெளியே வந்ததும் சரியாகிவிடும். டேங்க் நிறைந்திருக்கும்போது இது நிகழாது. கால்வாசிக்குக் கீழே வந்தபின் மட்டும் நிகழும். இந்த இரண்டும் பொருந்தினால் வேறெதையும் தேட வேண்டியதில்லை.

எம்.ஜி.பி.யின் டேங்க் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்க, உறிஞ்சு குழாயின் வாய் காற்றில் தொங்கும். கார்புரேட்டர் காலத்தில் இது யாருக்கும் தெரியவில்லை, ஏனெனில் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் சில விநாடிகளுக்கான பெட்ரோல் எப்போதும் சேமிப்பில் இருந்தது. இன்ஜெக்ஷனில் அப்படிச் சேமிப்பு இல்லை. பம்ப் ஒரு மடக்குக் காற்றை விழுங்கினால் அடுத்த கணமே அழுத்தம் விழுகிறது.

இதற்குத் தீர்வு அந்தக் கிண்ணத்தையே வேறு வடிவில் திருப்பிக் கொண்டுவருவதுதான். ஒன்று முதல் இரண்டு லிட்டர் கொள்ளும் செங்குத்தான சிறு குடுவை ஒன்றைப் பானட்டுக்குள்ளோ டிக்கியிலோ பொருத்துங்கள். குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று டேங்க்கிலிருந்து எடுத்து இந்தக் குடுவையை நிரப்பட்டும், பழைய எஸ்.யூ. பம்ப் நல்ல நிலையில் இருந்தால் இந்த வேலைக்கு அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு சிறு மகிழ்ச்சி. குடுவையின் அடியிலிருந்து உயர் அழுத்தப் பம்ப் எடுத்து இன்ஜெக்டர்களுக்கு அனுப்பட்டும். எஞ்சினிலிருந்து திரும்பும் பெட்ரோல் டேங்க்குக்குப் போகாமல் குடுவையின் மேல்பகுதிக்கு வர வேண்டும். குடுவையின் உச்சியிலிருந்து வழியும் பெட்ரோலும் அதோடு சேரும் காற்றுக் குமிழ்களும் மட்டுமே டேங்க்குக்குத் திரும்ப வேண்டும். இந்த நான்கு குழாய்களில் இரண்டு இடம் மாறினால்கூடக் குடுவை பயனற்றுப் போகும். உயர் அழுத்தப் பம்ப் தள்ளுவதில் வல்லது, உறிஞ்சுவதில் நோஞ்சான். அதனால் அதைக் குடுவையின் அடிமட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

எஞ்சின் சூடேறுகிறது

முதலில், உண்மையிலேயே சூடேறுகிறதா என்று பாருங்கள். எம்.ஜி.பி.யின் மின்சார வெப்பமானி, 10 வோல்ட்டுக்குக் குறைத்துத் தரும் ஒரு சிறு பெட்டியிலிருந்து மின்சாரம் பெற்று, தனக்கேற்ற சென்சரோடு மட்டும் ஒத்துப்போகும். மாஸ்டாவின் சென்சரை அதனோடு இணைத்தால் முள் எங்கே நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் உறையின் மேல் பிடித்துப் பாருங்கள். அங்கே 90 டிகிரி செல்சியஸ், முள்ளோ சிவப்புக் கோட்டில் என்றால், பழைய சென்சரை ஓர் அடாப்டர் வைத்துப் புதிய எஞ்சினில் பொருத்துவதே வேலை. அடாப்டரின் மரை ஜப்பானிய-பிரிட்டிஷ் வகையா, அமெரிக்க வகையா என்று கவனியுங்கள். எட்டில் ஒரு அங்குல அளவில் ஒன்றில் அங்குலத்துக்கு 28 மரை, மற்றதில் 27. மூன்று சுற்று வரை இரண்டும் ஒத்துப்போவது போல ஏமாற்றி, பிறகு இறுகிவிடும். வலிந்து திருகினால் அலுமினியம் பிளக்கும்.

உண்மையான சூடு என்றால், எப்போது ஏறுகிறது என்பதே திறவுகோல். நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறினால் ஃபேன் அல்லது காற்றுப் பாதை. அதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் வேகமாகப் போகும்போது ஏறினால் தண்ணீரின் ஓட்டம் போதவில்லை. எல்லா நேரத்திலும் முள் சரியாக இருந்தும், பிளக்குகளைக் கழற்றும்போது கடைசி சிலிண்டரின் பிளக் மட்டும் வெளுத்துக் காணப்பட்டால், இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள்.

இந்த எஞ்சின் வகை முதலில் முன்சக்கர வண்டிகளுக்காகக் குறுக்கே வைக்கப்பட்டபோது, தண்ணீர் முன்முனையில் பம்ப் வழியாக நுழைந்து, ஹெட்டின் பின்முனையில் வெளியேறியது. எம்.எக்ஸ்-5க்காக நீளவாக்கில் திருப்பியபோது தெர்மோஸ்டாட்டை முன்முனைக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் முன்பக்கம் நுழையும் தண்ணீர் முன்பக்கமே வெளியேறிவிடுகிறது. பின்னால் உள்ள நான்காவது சிலிண்டருக்குப் போகும் ஓட்டம் குறைவு. சொந்த வண்டியில் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டியது ஹீட்டர்தான். ஹீட்டருக்கான தண்ணீர் ஹெட்டின் பின்முனையிலிருந்து எடுக்கப்படுகிறது. அதில் அடைப்பு வால்வு கிடையாது, கோடையிலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். காற்றை மட்டும் ஒரு கதவு திருப்பிவிடும்.

எம்.ஜி.பி.யின் ஹீட்டர் அப்படியல்ல. அதில் ஒரு வால்வு உண்டு. குமிழைக் குளிர் பக்கம் திருப்பினால் தண்ணீரே நின்றுவிடும். ஆக, நல்ல வெயில் நாளில் ஓட்டுநர் ஹீட்டரை மூடுகிறார். மூடிய அந்தக் கணத்திலிருந்து நான்காவது சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. வெப்பம் காட்டும் சென்சரும் முன்முனையில் இருந்தால் முள் எதையும் காட்டிக்கொடுக்காது. ஹீட்டரைக் கழற்றிவிட்டுப் பின்முனையை மூடியிட்டு அடைத்தவர்களின் நிலையும் இதுதான். குறைந்தபட்சத் தீர்வு, ஹீட்டர் வால்வுக்கு முன்பே ஒரு கிளைக்குழாய் வைத்து, வால்வு மூடியிருந்தாலும் தண்ணீர் பம்ப்பின் உறிஞ்சு பக்கத்துக்குத் திரும்பும்படி செய்வது. முழுமையான தீர்வு, தெர்மோஸ்டாட்டைப் பின்முனைக்கு மாற்றி, அங்கிருந்து ரேடியேட்டரின் மேல்வாய்க்குக் குழாய் கொண்டுபோவது. ஆனால் இந்த எஞ்சினின் காயிலும் கேம் சென்சரும் ஹெட்டின் பின்னால்தான் உள்ளன என்பதால், எம்.ஜி.பி.யின் தடுப்புச்சுவருக்கு முன்னால் அதற்கான இடம் விரல்நுழையும் அளவே இருக்கும். எஞ்சினை இறக்குவதற்கு முன்பே இதைத் தீர்மானித்துவிடுங்கள்.

தண்ணீர் நிரப்பும்போது வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி வைத்து, ஹீட்டர் வால்வைத் திறந்துவிட்டு நிரப்புங்கள். ஏர் லாக் பாதி குறையும்.

பிரேக் போட்டால் ஆயில் விளக்கு எரிகிறது

எம்.ஜி.பி.யின் குறுக்குச் சட்டத்தில் இடிக்காதிருக்க, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை வெட்டி ஒட்டியிருப்பீர்கள். உள்ளே உறிஞ்சு குழாய்க்கும் சம்ப்பின் அடித்தகட்டுக்கும் இடையிலான வெளி மாறியிருக்கும், அல்லது ஆயில் முன்பக்கம் பாய்வதைத் தடுக்கும் தகட்டை வெட்டி எறிந்திருப்பீர்கள். களிமண் உருண்டை ஒன்றை உறிஞ்சு வாயில் ஒட்டி, சம்ப்பை ஒரு முறை பொருத்திக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். வெட்டாத சம்ப் ஒன்றில் இதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள். விளக்கு அணைந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த வண்டியை ஓட்டக் கூடாது.

கிளட்ச் கனக்கிறது, அல்லது கியர் போட்டால் கரகரக்கிறது

மிதியால் இயங்கி எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் எம்.ஜி.பி.யின் கிளட்சில் முக்கால் அங்குலம். அது தன் சொந்த வண்டியில், கியர்பாக்ஸ் பக்கம் இருந்து கிளட்சை விடுவிக்கும் ஒன்றேகால் அங்குல ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளியது. மாஸ்டா கியர்பாக்ஸில் உள்ள ஸ்லேவ் 19.05 மி.மீ., அதாவது சரியாக முக்கால் அங்குலம்; அதன் சொந்த மாஸ்டரோ 15.87 மி.மீ. மட்டுமே.

விட்டங்களை வர்க்கப்படுத்திப் பாருங்கள். மாஸ்டாவின் சொந்த ஏற்பாட்டில், மாஸ்டர் பிஸ்டன் 25 மி.மீ. நகர்ந்தால் ஸ்லேவ் சுமார் 17 மி.மீ. நகரும். எம்.ஜி.பி.யின் மாஸ்டரை அப்படியே வைத்தால், 25க்கு 25. மிதி கல்லாகக் கனக்கும், பாதி மிதித்ததுமே கிளட்ச் விட்டுவிடும், முழுதும் மிதித்தால் பிரஷர் பிளேட்டின் விரல்கள் தம் எல்லையைத் தாண்டி வளையும். பலர் இதைக் கிளட்ச் தட்டின் குறை என்று எண்ணிக் கியர்பாக்ஸை இறக்கிவிடுகிறார்கள். எட்டில் ஐந்து அங்குல விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டர் ஒன்றை மாற்றினால் போதும்.

அதற்கு நேர்மாறாக, முழுதும் மிதித்தும் கியர் விழாமல் கரகரத்தால், காற்று நிற்கிறதா என்றும், பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் ஊதுகிறதா என்றும் பாருங்கள். ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு ஹோஸை உள்ளங்கையில் பற்றினால், அது பாம்பு இரை விழுங்குவது போலப் புடைப்பது கைக்கே தெரியும்.

ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மிதித்தால் 'டக்' என்கிறது, வேகத்தில் அதிர்கிறது

எம்.எக்ஸ்-5 காரில் கியர்பாக்ஸின் பின்முனைக்கு மவுண்டிங் கிடையாது. கியர்பாக்ஸையும் பின்னாலுள்ள டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் முதுகெலும்பு போல இணைத்து நிறுத்துகிறது. எம்.ஜி.பி.யில் பின் ஆக்சில் பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் ஏறி இறங்குவதால் அந்தச் சட்டத்துக்கு இடமே இல்லை. ஆகவே கியர்பாக்ஸின் பின்முனையைத் தாங்க நீங்கள் செய்த பிராக்கெட்டின் மேல்தான் இப்போது எல்லாம் நிற்கிறது. அது மெல்லிய தகடாகவோ, ரப்பர் மிக மென்மையாகவோ இருந்தால், ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் கியர்பாக்ஸ் முறுக்கிக்கொண்டு, தன்னை மூடியிருக்கும் தளத்தின் சுரங்கம் போன்ற பகுதியின் தகட்டில் இடிக்கும். கியர் கம்பி கையோடு சேர்ந்து ஆடும்.

அதிர்வுக்கு வேறு சோதனை. எந்த வேகத்தில் அதிர்கிறதோ அதே வேகத்தில் நான்காவது கியரிலிருந்து ஐந்தாவதுக்கு மாற்றுங்கள். அதிர்வு மாறாமல் அப்படியே இருந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அல்லது சக்கரம். மாறினால் எஞ்சின் அல்லது மவுண்டிங். ஷாஃப்ட் என்று தெரிந்தால், சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்கும் நிலையில், கியர்பாக்ஸின் வெளியச்சும் ஆக்சிலின் உள்ளச்சும் எந்தக் கோணத்தில் சாய்ந்துள்ளன என்று கோணமானியால் அளவிடுங்கள். இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அரை டிகிரி வித்தியாசத்தைப் பொறுக்கலாம். இணையாக இல்லையென்றால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்தோ, கியர்பாக்ஸ் பிராக்கெட்டின் உயரத்தை மாற்றியோ சரிசெய்யலாம். ஷாஃப்ட்டைச் சுருக்கி வெல்டிங் செய்தவர், இரு முனைகளின் கவைகளையும் ஒரே தளத்தில் வைத்தாரா என்றும் பாருங்கள். என் ஷாஃப்ட் 20 டிகிரி திரும்பி வெல்டிங் ஆகி வந்திருந்தது. அதைத் தரையில் உருட்டிப் பார்த்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது, அதற்குள் இரண்டு முறை சக்கரங்களை பேலன்ஸ் செய்துவிட்டிருந்தேன்.

டாகோமீட்டர் அசையவில்லை

1970களின் தொடக்கம் வரையிலான எம்.ஜி.பி.யின் டாகோமீட்டர், காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயரில் ஓடும் மின்னோட்டத்தின் துடிப்பை எண்ணுவது. பின்னால் வந்தவை காயிலின் மறுமுனையில் எழும் மின்னழுத்தத் துடிப்பை எண்ணுபவை. ஈ.சி.யூ. தருவதோ மென்மையான 12 வோல்ட் சமிக்ஞை. இடையில் ஓர் அடாப்டர் வைக்கலாம். அல்லது பழைய முகப்பையும் முள்ளையும் வைத்துக்கொண்டு உள்ளேயுள்ள மின்பலகையை மட்டும் மாற்றித் தருவோரிடம் கொடுக்கலாம். பின்னது செலவு கூடுதலானாலும் நெடுநாள் நிற்கும்.

வேகமானி குறைத்துக் காட்டுகிறது

இதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள், வேகத்துக்கான அபராதச் சீட்டு வந்தபிறகு. எம்.ஜி.பி. வேகமானியின் முகப்பில், அடியில், பொடி எழுத்தில் 1280 அல்லது 1000 என்று ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதே அந்த எண். மாஸ்டா கியர்பாக்ஸின் உள்பல் 4.3 விகித டிஃபரன்ஷியலுக்கும் சிறிய டயருக்கும் கணக்கிடப்பட்டது, எம்.ஜி.பி.யின் ஆக்சிலோ 3.909, டயரும் பெரியது. அதனால் கேபிள் மைலுக்கு ஏறத்தாழ 870 முறைதான் சுற்றுகிறது. 1000 எண்ணுள்ள முகப்பில் நீங்கள் உண்மையில் 70 மைல் வேகத்தில் போகும்போது முள் 61 அருகில் நிற்கும். 1280 எண்ணுள்ளதில் 50ஐக்கூட எட்டாது.

உங்கள் வண்டியின் எண்ணை நீங்களே அளந்துகொள்ளலாம். சமதரையில் 16.1 மீட்டர், அதாவது மைலில் நூறில் ஒரு பங்கு, சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். வேகமானியிலிருந்து கேபிளைக் கழற்றி, உள்கம்பியின் முனையில் அட்டையால் ஓர் அம்பு செய்து செருகுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவர் வண்டியை மெதுவாகத் தள்ள, மற்றவர் உள்ளே அமர்ந்து அம்பு எத்தனை முறை சுற்றுகிறது என்பதைப் பத்தில் ஒரு சுற்று வரை கவனமாக எண்ணட்டும். 8.7 சுற்று என்றால் 870. அந்த எண்ணையும் முகப்பில் உள்ள எண்ணையும் எழுதி, வேகமானி பழுதுபார்ப்பவரிடம் முகப்போடு கொடுத்தனுப்பினால், உள்ளேயுள்ள காந்தத்தையும் பற்சக்கரத்தையும் அதற்கேற்ப மாற்றித் தருவார். டயர் அளவை மாற்றும் எண்ணம் இருந்தால், மாற்றிய பிறகே இந்த அளவீட்டைச் செய்யுங்கள்.